வட்டிக்கடையின் வீழ்ச்சி: ப.சிங்காரத்தின் நாவல்களும் ஒரு வியன்னாக் குடும்ப வரலாறும்

புலம்பெயர்வு இலக்கியம் என்றவுடன் தோட்டத் தொழிலாளரும் போர் அகதியருமே தமிழாய்வில் முன்னிறுத்தப்படுகின்றனர். கடன் கொடுத்தவரும் ஒருநாள் துரத்தப்பட்டனர் என்பது போதிய கவனம் பெறவில்லை.

1930ஐ ஒட்டிப் பர்மாவில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இயங்கின. பெருமந்தத்தில் நெல்விலை வீழவே, அடைமான நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. 1938அளவில் முதன்மையான 13 நெல் மாவட்டங்களின் விளைநிலத்தில் காற்பங்கு அவர்களுடையதாயிற்று. பர்மிய உழவரின் வெறுப்பு வேர்கொண்டது இங்கேதான். 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம், 1963இல் வங்கிகள் நாட்டுடைமை என அடுத்தடுத்து வந்தன. 1964இல் எஞ்சியோரும் கப்பலேறினர்.

1938இல் மேடான் சென்று பணியாற்றிய சிங்காரம், இவ்வுலகைப் பணியாளரின் இடத்திலிருந்து பார்க்கிறார். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்னும் படிநிலை ‘புயலிலே ஒரு தோணி’யில் (1972) உயிர்பெறுகிறது. ‘கடலுக்கு அப்பால்’ நாவலிலோ, இந்திய தேசிய இராணுவத்திலிருந்து மீண்ட செல்லையாவுக்கு மகளைத் தர முதலாளி மறுக்கிறார். பட்டாளத்தில் இருந்தவன் வட்டித்தொழிலுக்கு ஒத்துவரான் என்பதே காரணம். மறுப்பை வெறும் பிடிவாதமாகக் கொள்வது எளிது. போருக்குப் பின்னும் தொழில் பழையபடி நடக்கும் என நம்ப விழைபவரின் அச்சமும் அதில் உண்டு. அவ்வச்சத்தினுள் சிங்காரம் நெடுந்தொலைவு செல்வதில்லை. அவர் கண் செல்லையாமீதே நிலைக்கிறது. நாவலின் வலிமையும் எல்லையும் இதுவே.

எட்மண்ட் டி வால் 2010இல் வெளியிட்ட ‘அம்பர் கண் முயல்’ இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. எப்ருசி என்னும் யூத வங்கிக் குடும்பத்தின் வியன்னா மாளிகையை 1938இல் நாஜிகள் பறித்தனர். தப்பியவை, பணிப்பெண் ஒருத்தி மெத்தைக்குள் ஒளித்த 264 ஜப்பானியச் சிறுசிற்பங்கள். அவற்றின் வழியே டி வால் குடும்பத்தை மீட்டெழுதுகிறார்.

இரு வெளியேற்றங்களும் ஒன்றல்ல. எப்ருசியினர் பிறப்பால் குற்றவாளிகளாக்கப்பட்டனர். அவர்கள் இழந்தது தாயகத்தையே. நகரத்தார்மீதான சினத்துக்குக் கடனும் நிலமும் காரணங்களாயின. திரும்பிவரச் செட்டிநாடும் இருந்தது. ஆயினும் பர்மாத் தேக்குத் தூண்கள் தாங்கிய அவ்வீடுகளின் பொருள்கள் காலப்போக்கில் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துசேர்ந்தன. வியன்னாவில் சிற்பங்கள் குடும்பக் கதையைச் சுமந்தன; இங்கோ பொருள்கள் விலைச்சீட்டுடன் நிற்கின்றன, அவற்றின் கதையோ கடைக்கணக்கேடுகளிலேயே தங்கிவிட்டது.