சிம்லா பீட்டின் கரகர கிடார்

தேவாரத்துக்குப் பக்கத்து ஊர் பண்ணைப்புரம். இளையராஜா பிறந்த மண் என்பதால், போடி முதல் கம்பம் வரை பாட்டுக் கேட்பவர்கள் பேஸ் கிடாரின் நகர்வைக்கூடக் கவனித்துக் கேட்பார்கள். அந்தக் காதுகளுக்கு எட்டாமலே போன மின்கிடார் உலகம் ஒன்று அன்றைய மெட்ராஸிலேயே இருந்தது.

சிம்லா என்ற சிகரெட்டின் விளம்பரத்துக்காக நடந்தது 'சிம்லா பீட்' போட்டி. கல்லூரிப் பையன்களின் ராக் குழுக்கள் பல ஊர்களிலிருந்து வந்து மோதின. தேர்ந்த பாடல்கள் 1970, 1971 என இரண்டு இசைத்தட்டுகளாயின. முதல் தட்டில் மெட்ராஸின் 'தி கன்ஃப்யூஷன்ஸ்' இருக்கிறது. அவர்களுடைய 'வாய்ஸ் ஃப்ரம் தி இன்னர் சோல்' சொந்தப் பாட்டு. பீட்டில்ஸை நகலெடுத்தாலே கைதட்டல் கிடைத்த காலத்தில் அது பெரிய துணிச்சல்.

'ஃபஸ்' என்கிற கருவி கிடாரின் மின்னலையை வேண்டுமென்றே சிதைத்து, நாதத்தைக் கரகரப்பாக்கும். கனவு மயக்கத்தை ஒலியில் கொண்டுவர முயலும் சைக்கடெலிக் ராக்கின் பாதி ஈர்ப்பு அதில்தான். பதிவின் எளிமையும் சேர்ந்துகொள்ள, இந்தத் தட்டுகளில் அந்தக் கரகரப்பு இன்னும் பச்சையாக ஒலிக்கிறது. மெருகேறிய லண்டன் பதிவுகளில் இந்தச் சூடு கிடைக்காது.

இதே போட்டிக்கு வந்த ஷில்லாங்கின் 'ஃபென்டோன்ஸ்' குழுவையும் விட்டுவிடக்கூடாது. பம்பாயின் 'அட்டாமிக் ஃபாரஸ்ட்' கொஞ்சம் பிந்தியது. அதன் பாடகர் மதுகர் தாஸ், அலிக் பதம்ஸீ மேடையேற்றிய 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' இசை நாடகத்தில் இயேசுவாகப் பாடியவர். அந்தக் குழுவின் 'அப்செஷன் 77' தட்டைப் பல்லாண்டு கழித்து அமெரிக்காவின் நௌ-அகெய்ன் இசைத்தட்டு நிறுவனம் தேடியெடுத்து மறுபடி வெளியிட்டது.