மேடைப் பேச்சும் முன் குறிப்பும்

ஜொகூரின் தோட்டங்களிலும் நகரங்களிலும் நாம் கேட்டுவரும் பிரசங்கங்கள் பலவும் அண்ணாவின் அடுக்குமொழியைக் கடன் கொண்டவை. சொல்லைக் கடன் வாங்கியோர் அதன் அடியிலிருந்த திட்டத்தை வாங்கினாரல்லர்.

‘தீ பரவட்டும்’ என்னும் நூலை எடுத்துப் பாருங்கள். கம்பராமாயணம், பெரியபுராணம் ஆகியவற்றைக் கொளுத்துவது பற்றி, 1943 இல் சென்னைச் சட்டக்கல்லூரியில் ரா. பி. சேதுப்பிள்ளையுடனும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாருடனும் அண்ணா நிகழ்த்திய சொற்போர் அது. எதிரே இருந்தவர்கள் கரைகண்ட புலவர்கள். அவர்கள் முன் வெறும் எதுகை செல்லுமா? தாம் எதிர்ப்பது கலையை அன்று, கலையின் வழியே புகுத்தப்படும் ஆரியக் கருத்தையே என்று வழக்கின் எல்லையை அவர் வகுத்துக்கொள்கிறார். ‘கலைப்பகைவர்’ என்னும் பழி அவ்வெல்லையில் தடுக்கப்படுகிறது. நூலைக் கொளுத்துவதில் நமக்கு உடன்பாடில்லை. எனினும் மறுப்பவரையும் வழக்கோடு வழக்காக நடத்திச் செல்லும் ஒழுங்கு அது.

நம் பேச்சாளரோ, தலைவர் முதல் ஒலிபெருக்கிக்காரர் வரை விளித்து முடிப்பதற்குள் கால்மணி நேரம் கழிகிறது. பிறகு சங்ககாலம், பிறகு சாக்ரட்டீஸ், இடையே கள்ளுக்கடை. தோட்டம் துண்டாடப்பட்டால் குடியிருக்க வீடு கிடைக்குமா என்று கேட்டறிய, உறங்கும் பிள்ளையை மடியிலிட்டுக் காத்திருந்த தாய் எதனைக் கொண்டு வீடு திரும்புவாள்?

குறிப்பெழுதுவது புலமைக்கு இழுக்கென்று இவர்கள் எண்ணுகிறார்கள் போலும். வள்ளுவரோ அவையறிதலுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். அரைத்தாள் போதும்: கேட்போர் யார், அவர்களிடம் நாம் வேண்டுவது என்ன, மறுப்போர் என்ன சொல்வர். இம்மூன்றையும் எழுத இயலாதவர் அன்றைக்கு மாலையை மட்டும் ஏற்றுக்கொண்டு அமரலாம், கூட்டத்தார் வருந்தமாட்டார்கள்.