படத்துக்கு எழுதிய கதை

கேட்டு வாங்கி எழுதப்படுவது எழுத்தல்ல என்று நான் பலமுறை வாதாடியிருக்கிறேன். உருவம் உள்ளிருந்து வரவேண்டும். வெளியே இருந்து ஒருவர் அளவு கொடுத்தால் அது தையல் வேலை. இந்த அபிப்ராயத்தை ஒரு அமெரிக்க ஜனரஞ்சகப் பத்திரிகையின் அட்டைப்படம் கொஞ்சம் அசைத்துவிட்டது.

ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் 1926 ஏப்ரலில் தொடங்கிய விஞ்ஞானக் கதைப் பத்திரிகை 'அமேசிங் ஸ்டோரீஸ்'. அவ்வருட டிசம்பர் அட்டையை வரைந்தவர் ஃப்ராங்க் ஆர். பால். வானில் பெரிய கோளம். அதனடியில் ஒரு பயணிக் கப்பல் தொங்குகிறது. முன்னால் மனிதரை ஒத்த உருவங்கள். படத்துக்குக் கதை கிடையாது. வாசகர்கள் எழுதி அனுப்பவேண்டும். பரிசு மொத்தம் 500 டாலர்.

பால் கட்டடக் கலை பயின்றவர். அவருடைய யந்திரங்களுக்கு இருக்கும் உயிர் மனிதர்களுக்கு இல்லை. யந்திரத்தின் அளவைக் காட்டுவதற்காக நிறுத்தப்பட்டவர்கள் போல நிற்பார்கள். ஓவியத்தில் இது குறை. கதை எழுத வருகிறவனுக்கோ இது காலி இடம். அதில் பாத்திரத்தை வைக்காமல், கோளம் எப்படிப் பறக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தால் கிடைப்பது படத்துக்கு ஒரு அடிக்குறிப்புதான்.

மூன்றாம் பரிசு பெற்ற க்ளேர் விங்கர் ஹாரிஸின் கதை 1927 ஜூன் இதழில் வந்தது. பூமியின் கடல்நீரைச் செவ்வாய்வாசிகள் களவாடுகிறார்கள். ஹாரிஸ் கேட்டுக்கொண்ட கேள்வி எளிமையானது: அந்தக் கப்பலுக்குள் யார்? கதைசொல்லி நேசிக்கும் பெண். கதை முடியும்போது அவள் செவ்வாயில், அவன் பூமியில். படத்தில் வெறும் விந்தையாக இருந்த கப்பல் ஒருவனுடைய இழப்பாகிவிடுகிறது. படத்தில் இல்லாத ஒருவனிடமிருந்து கதை பிறக்கிறது. இது சிருஷ்டி இல்லை என்று என்னால் சொல்லமுடியவில்லை.

ஆனால் அதே கதையில் மார்ட்டெல் என்றொருவன் வருகிறான். செம்பு நிறத் தோல். தலையை மூடிய குல்லா. பார்த்த மாத்திரத்திலேயே கதைசொல்லிக்கு அவனைப் பிடிக்கவில்லை. அந்தக் காரணமற்ற வெறுப்பு சரிதான் என்று கதை நிரூபித்துக் கொடுக்கிறது. அவன் செவ்வாய்வாசி, திருடன். அட்டையிலுள்ள உருவங்களைத் திருடர்கள் என்று பால் எங்கும் சொல்லவில்லை. ஆசியர் குடியேற்றத்துக்கு அமெரிக்கா கதவடைத்த சட்டம் 1924இல் வந்தது. மார்ட்டெலைக் கொடுத்தது தெருவிலிருந்த பயம். ஹாரிஸ் அதைப் பரிசோதிக்காமல் எடுத்துக்கொண்டார்.

பரிசு பெற்றவர் பெண் என்பதில் கெர்ன்ஸ்பாக் அச்சிலேயே ஆச்சரியப்பட்டார். பெண்களுக்கு விஞ்ஞானக் கதை வராது என்பது அவர் தயாராக வைத்திருந்த அச்சு. ஹாரிஸ் அதை உடைத்தார். மார்ட்டெலை வார்த்த அச்சை உடைக்கவில்லை.

அந்தப் பழைய பாணியில் இன்றும் போஸ்டர் வரைகிறார்கள். அதற்குப் பாத்திரமும் கதையும் தேடுகிறார்கள். ராக்கெட்டின் முன் துப்பாக்கியோடு ஒரு வீரன், அலறும் ஒரு பெண், பச்சைத் தோல் பிராணி. இந்த மூவரும் எங்கிருந்து வந்தார்கள் என்று முதலில் கேட்கலாம். ராக்கெட் புறப்பட்டபின் கீழே நின்றுகொண்டிருப்பவர் யார் என்று அடுத்தபடியாகக் கேட்கலாம்.

என் பழைய வாதத்தில் ஒரு பகுதியை விட்டுவிடுகிறேன். ஹாரிஸின் கைகளைக் கட்டியது பத்திரிகாசிரியர் கொடுத்த படமல்ல. உள்ளிருந்து தானே வந்ததாக அவர் நம்பிய மார்ட்டெல்தான். உள்ளிருந்து வருவதெல்லாம் நம்முடையது என்று நான் நினைத்திருந்தது தப்பு.