தூசியில் விழுந்த விரல் தடம்

பாத்திரக் கடைக்காரனுக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நான் எழுத வந்தது தூசியைப் பற்றி. அதற்குக் கடைக்காரனைவிடத் தகுந்த ஆள் யார்?

மனிதரே இல்லாமல், மேசைமேல் கிடக்கும் பொருள்களை மட்டும் வரைவது 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தனிக் கலையாகவே வளர்ந்தது. அதில் இசைக்கருவிகளுக்கு முக்கிய இடம் உண்டு. ஹாலந்து ஓவியர் ஹார்மன் ஸ்டீன்வைக் சுமார் 1640இல் வரைந்த படம் ஒன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. மண்டை ஓடு, அணையும் விளக்கு, வாள், புத்தகங்கள். கூடவே குழலும் லூட் என்னும் நரம்புக் கருவியும். நாதம் எழுந்ததும் அடங்கிவிடும், வாழ்வும் அப்படியே என்பது கருத்து. செல்வம், இளமை, யாக்கை மூன்றின் நிலையாமைக்கும் தனித்தனி அதிகாரம் வைத்த நாலடியாரைப் படித்து வளர்ந்தவன் நான். எனக்கு இது புதிதல்ல. அதோடு, மண்டை ஓட்டையே எடுத்து வைத்துவிட்டால் பார்ப்பவர் யோசிக்க என்ன மிச்சம்?

இத்தாலியில் பெர்கமோ நகரத்துப் பாதிரியார் எவரிஸ்டோ பாஸ்கெனிஸ் (1617–1677) போன வழி வேறு. லூட், வயலின், கிடார், இசைத்தாள்கள் இவற்றையே திரும்பத் திரும்ப வரைந்தார். நான் பார்த்த அவர் படங்களில் மண்டை ஓடு கிடையாது. பாதிப் பேரிக்காய் போன்ற லூட் குப்புறக் கிடக்கும். மெல்லிய மரப் பட்டைகளை ஒட்டிச் செய்த அதன் முதுகில் தூசி படிந்திருக்கும். அந்தத் தூசியில் யாரோ விரலால் தொட்டு இழுத்த கோடுகள்! பழைய புத்தகக் கடையில் வாங்கிய படத்தொகுப்பில் முதலில் இதைக் கண்டபோது, தாளில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

இதையும் நிலையாமை என்றே அறிஞர்கள் விளக்குவார்கள். எனக்கு அது பாதி விளக்கமாகவே படுகிறது. கடையில் ஒரு குடத்தின்மேல் தூசி இருந்தால் அது விலை போகவில்லை என்று பொருள். தூசியில் விரல் தடம் இருந்தால் சங்கதி வேறு. யாரோ எடுத்துப் பார்த்திருக்கிறார், மனசில்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பாஸ்கெனிஸ் காட்டுவதும் இதுதான் என்பேன். கருவி கெடவில்லை, நாதமும் சாகவில்லை. தொட்டவர் எடுத்து வாசிக்கவில்லை, அவ்வளவுதான். அவருக்கே வாசிப்பின் அருமை தெரியும். அக்லியார்டி குடும்பத்துக்கு வரைந்த முப்படத் தொகுதியில், ஸ்பினெட் என்னும் கட்டைக் கருவியை வாசிப்பவராகத் தம்மையே வரைந்திருக்கிறார். வாசிக்கத் தெரிந்தவர் வரைந்த மௌனம் என்பதால்தான் அது இத்தனை கனக்கிறது.

எங்கள் வீட்டில், என் மனைவி ஊரிலிருந்து கொண்டுவந்த வீணை உறை போட்டபடி பீரோ மேல் பல வருஷம் கிடந்தது. இந்தக் கட்டுரைக்காகப் படங்களைப் புரட்டியபின் ஒருநாள் அதை இறக்கினேன். உறைமேல் சின்னச் சின்ன விரல் தடங்கள். பேத்தி நாற்காலி போட்டு ஏறியிருக்கிறாள். எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் அவளைக் கேட்டதில்லை.

இப்போது தந்தி மாற்றியாகிவிட்டது. சுருதி கூட்டிக் கொடுப்பவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.