காலம் காட்டாத் திட்டம்

தமிழ் இலக்கணத்தில் வினைமுற்றுக் காலங் காட்டும். தொழிற்பெயருக்கோ தொழில் உண்டு, காலம் இல்லை. கனடா அரசாங்கம் தன் நாட்டு ஆதிக்குடிகளின் உரிமைகளை நிலைநாட்டவும் அவர்களோடு நல்லிணக்கம் காணவும் 2023 யூன் 21இல் வெளியிட்ட செயற்றிட்டத்தைப் படிப்போர்க்கு இவ்வேறுபாடு நினைவுக்கு வருதல் இயல்பே.

இத்திட்டத்தின் வேர் துயர் மிக்கது. நூறாண்டுக்கு மேலாக, ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட ஆதிக்குடிச் சிறார் பெற்றோரைப் பிரிந்து விடுதிப் பள்ளிகளில் வைக்கப்பட்டனர். ஆங்குத் தாய்மொழி பேசியோர் தண்டிக்கப்பட்டனர். அக்கொடுமையை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் 94 கோரிக்கைகளை முன்வைத்தது. ஐக்கிய நாடுகளின் ஆதிக்குடி உரிமைப் பிரகடனத்தை ஏற்று, அதனை நிறைவேற்றச் செயற்றிட்டம் வகுக்க வேண்டுமென்பதும் அவற்றுள் அடங்கும். 2007இல் பொதுச்சபை அப்பிரகடனத்தை ஏற்றபோது எதிர்த்து வாக்களித்த நாடுகள் நான்கே. அவற்றுள் ஒன்று கனடா. அந்நாடே 2021இல் அதற்கெனச் சட்டம் இயற்றியமை சிறிய மாற்றமன்று.

திட்டத்தில் 181 நடவடிக்கைகள் உள. பொறுப்பான திணைக்களங்கள் குறிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவற்றுக்கு முடிவுத் திகதி மட்டும் இல்லை. ஆராய்தல், கலந்துரையாடல், தொடர்ந்து ஆதரித்தல் என்றவாறே அவை செல்கின்றன. எத்தனை ஆண்டு கழியினும் 'நடைபெறுகின்றது' என்று அறிக்கை எழுதிவிடலாம்.

ஆதிக்குடிகளோடு கூடி வகுக்க வேண்டியவற்றுக்கு அரசாங்கம் தானே திகதி விதித்தல் பழைய ஆதிக்கத்தின் தொடர்ச்சியே என்பர் சிலர். புறந்தள்ளத்தக்க வாதமன்று. ஆயினும் குடிநீர் வரலாறு வேறொன்று கூறும். ஆதிக்குடிக் குடியிருப்புகளில் நெடுங்காலம் நிலவிய குடிநீர் எச்சரிக்கைகள் யாவும் 2021 மார்ச்சுக்குள் நீக்கப்படுமென 2015இல் வாக்களிக்கப்பட்டது. பல நீங்கின, எல்லாம் நீங்கவில்லை. திகதி குறித்திருந்தமையால் எஞ்சியவற்றை எவரும் எண்ணிக் கேட்க முடிந்தது. இலக்கு எய்தப்படாதென்பதைப் பொறுப்பான அமைச்சரே 2020 திசெம்பரில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

பிரகடனத்தின் உயிர்நிலையோ சம்மதம்: வற்புறுத்தலின்றி, முன்கூட்டியே, முழுதும் அறிந்து அளிக்கும் சம்மதம். அதனை எவ்வாறு பெறுவதென்பது இன்னும் கலந்துரையாடலுக்குரிய பொருளாகவே இருக்க, பெருந்திட்டங்களுக்கு விரைந்து அனுமதி வழங்கும் சட்டமொன்று 2025 யூனில் மூன்று வாரத்துள் நிறைவேறியது. தம்மோடு போதிய ஆலோசனை நிகழவில்லையென ஆதிக்குடித் தலைவர் பலர் எதிர்த்தனர்; ஆலோசனை பின்னர் தொடருமென்பதே அரசாங்கத்தின் விடையாயிருந்தது.