தண்ணீர்மலைக்கு ஏறும் நடை

காவடியின் அழகை உயரத்தில் தேடுகிறவர்கள் பாதத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். எத்தனை அலகு, எத்தனை மயிற்பீலி என்று எண்ணுவதில் கண் போய்விடுகிறது. பினாங்குத் தைப்பூசத்தில் ரசிக்கத் தக்க முதல் கலை நடைதான்.

அதற்கான காத்திருப்பு லிட்டில் இந்தியாவில் தொடங்குகிறது. தமிழர்கள் ‘கடைத்தெரு’ என்றே அழைத்துவந்த மார்க்கெட் தெருவில் மஞ்சள் வேட்டியும் பால்குடமும் மாலையும் குவிகின்றன. பூசத்துக்கு முதல் நாள், செட்டிப் பூசத்தன்று, பினாங்குத் தெருவிலுள்ள கோவில் வீட்டிலிருந்து வெள்ளித் தேர் புறப்படும். காரைக்குடியில் செய்து 1894-இல் கப்பலேற்றிக் கொண்டுவந்த தேர் அது. மாடுகள் இழுக்க, வழியெங்கும் தேங்காய் உடைபட, தண்ணீர்மலை அடிவாரத்திலுள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவிலை நோக்கி நகரும். தேங்காய் உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். ஒரு சில கிலோமீட்டரைக் கடக்க ஒரு பகலையே எடுத்துக்கொள்ளும் இந்தத் தேரின் நிதானம் எனக்குப் பிடிக்கும். 2017-இல் தங்கத் தேரும் ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டது. அது கண்ணைப் பறிக்கிறது, ஆனால் வெள்ளியின் மேல் நூறாண்டு விரல்கள் ஏற்றிய பளபளப்பு அதற்கு இன்னும் வரவில்லை.

மறுநாள் காவடிகளின் நாள். இங்கே நடைக்கு இலக்கணம் எழுதுவது உறுமி. அதன் ஒரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கிறார்கள், அடிவயிற்றிலிருந்து வருவது போல ஒரு முனகல் எழுகிறது. மறு முகத்தில் விழும் அடி அந்த முனகலைத் துண்டுபோட்டுக் காலுக்குக் கொடுக்கிறது. தேர்ந்த உறுமிக்காரர் மேளத்தைப் பார்த்து வாசிப்பதில்லை, காவடி எடுப்பவரின் முழங்காலைப் பார்த்து வாசிக்கிறார். கால் தளர்ந்தால் தாளத்தை இறக்கி மூச்சு வாங்க இடம் விடுவார். மூச்சு திரும்பியதும் குச்சி துரிதமாகும், காவடி அப்படியே ஒரு சுற்று சுழலும். தண்ணீர்ப் பந்தல்களின் ஒலிபெருக்கிகள் கெடுப்பது இந்த உரையாடலைத்தான். சினிமாப் பாட்டுக்கு ஆடலாம், மலையேற முடியாது.

இந்த நடை ஏறும் மலையின் கதையோ நெருப்பின் கதை. பினாங்குத் தீவின் குன்றுகள் ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் மெல்லக் குளிர்ந்து இறுகிய தீக்குழம்பு. நீரிணைக்கு அப்பால் சுமத்திராவிலோ தீ வெடித்தே வெளியே வந்தது. எரிமலை நாடுகளுக்குப் போகிறவர்கள் கந்தக மஞ்சளையும் துருச் சிவப்பையும் பாறையிலேயே பார்க்கிறார்கள். நம் கருங்கல்லோ சாம்பல் நிறத்தோடு அடங்கிக் கிடக்கிறது. அதற்கு மஞ்சளும் சிவப்பும் மயில்நீலமும் ஆண்டுக்கொரு முறை மனித உடம்பின் மேல் ஏறி வருகின்றன.

மலைமேல் இருக்கும் அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு 513 படிகள். சமதளச் சாலையில் எல்லோரும் நன்றாகவே நடக்கிறார்கள், படிதான் தரம் பிரிக்கிறது. பெரிய ரதக் காவடியின் பாரம் ஒவ்வொரு படியிலும் பின்னால் சாய்க்கப் பார்க்கும். தேர்ந்தவர் அதை எதிர்த்து முன்னே முட்டமாட்டார். இடுப்பைத் தாழ்த்தி, பாதம் முழுவதையும் கல்லில் பதித்து, சட்டத்தின் ஆட்டம் அடங்கும்வரை நின்று, பிறகே அடுத்த காலை எடுப்பார். சின்ன மரக்காவடியைத் தோளில் வைத்து ஏறும் முதியவர்களிடம் இதைவிட நுட்பமான நடை உண்டு. மயிற்பீலி ஒரே வீச்சில் அசையும், தோள் அசையாது. என் ஓட்டு அவர்களுக்கே.

பார்க்கப் போகிறவர்கள் அடிவாரத்தில் நிற்க வேண்டாம், அங்கே கூட்டமும் கேமராவும்தான். உச்சியிலும் வேண்டாம், அங்கே எல்லா முகத்திலும் ஒரே நிம்மதி. பாதிப் படியில், கைப்பிடிச் சுவர் ஓரமாக, வெயில் ஏறுமுன் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணை முழங்காலுக்குக் கீழே வையுங்கள்.