11 வரிகள் யாருக்குச் சொந்தம்?

2016 மார்ச் 22 அன்று லெஃப்ட்-பேட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதன் கிடங்கிலிருந்து காணாமல் போனது. மொத்தமே 11 வரிகள். ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடமோ பூஜ்யமோ சேர்த்து நீளத்தைச் சரிசெய்யும், அவ்வளவுதான். ஆனால் பேபல் போன்ற பெரிய கருவிகள் அதை நம்பியிருந்தன. உலகமெங்கும் புரோகிராமர்களின் திரையில் பிழைச்செய்தி.

"இந்த 11 வரியைக்கூட சொந்தமா எழுதத் தெரியாதா?" என்று அப்போது பலரும் கிண்டலடித்தார்கள். எனக்கு இந்த வாசிப்பில் உடன்பாடில்லை. அடுத்தவர் எழுதியதை எடுத்து ஆள்வதுதான் நிரலாக்கத்தின் மரபே. விமர்சிக்க வேண்டியது என்பிஎம் என்ற கருவியை.

என்பிஎம் என்ன செய்கிறது? நிரலைப் பெயர், பதிப்பு எண், அதற்குத் தேவையான மற்ற நிரல்களின் பட்டியல் எல்லாம் சேர்த்துப் பொட்டலமாகக் கட்டிக் கிடங்கில் வைக்கிறது. நாம் ஒன்றைக் கேட்டால் அதையும், அது கேட்பதையும், அந்த இன்னொன்று கேட்பதையும் இழுத்து வருகிறது. அருமையான வசதிதான். ஆனா யாருடைய உழைப்பு உள்ளே வந்தது என்று நாம் பார்ப்பதே இல்லை.

அந்த எழுத்தாளரிடம் கிக் என்ற பெயரில் வேறொரு பொட்டலம் இருந்தது. அதே பெயருள்ள ஒரு நிறுவனம் உரிமை கோர, என்பிஎம் பெயரைத் தூக்கிக் கொடுத்தது. கோபத்தில் அவர் தன்னுடைய 250-க்கும் மேற்பட்ட பொட்டலங்களை நீக்கினார். லெஃப்ட்-பேட் அதில் ஒன்று. சுமார் இரண்டு மணி நேரத்தில் என்பிஎம் அதை அவரைக் கேட்காமலே திரும்ப வைத்தது. திறந்த உரிமம் என்பதால் சட்டப்படி தவறில்லை.

ஆனால் கவனியுங்கள்: பெயரும் அவருடையதில்லை, நிரலும் அவருடையதில்லை. அப்புறம் நீக்கும் வசதியை எதற்குக் கொடுத்தார்கள்? வெளியேறும் கதவு இருந்தது, ஒருவர் உண்மையிலேயே வெளியேறும்வரை.

பெர்ல் மொழியின் சிபான் 1995-லிருந்து இருக்கிறது. அதன் பிரதிகள் பல நாட்டுச் சர்வர்களில் கிடக்கின்றன. எழுதியவர் நீக்கினாலும் பேக்பான் என்ற பழஞ்சேமிப்பில் பிரதி இருக்கும். கொடுத்தது கொடுத்ததுதான் என்பது அங்கே முன்கூட்டியே தெரிந்த ஒப்பந்தம். என்பிஎம் அந்த ஒப்பந்தத்தைச் சம்பவத்துக்குப் பிறகுதான் எழுதியது: வெளியிட்டு 24 மணி நேரம் கடந்தால் இஷ்டத்துக்கு நீக்க முடியாது என்று அப்போது விதித்தது. விதி நியாயமானதே. ஆனால் அதை எழுதியது ஒரு தனியார் நிறுவனம். 2020-இல் அதை கிட்ஹப் வாங்கியது, கிட்ஹப் மைக்ரோசாஃப்டுடையது.

2017-இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே பேட்ஸ்டார்ட் என்ற வசதி வந்துவிட்டது. லெஃப்ட்-பேட் இனி யாருக்கும் தேவையில்லை. ஆனால் இன்றும் லட்சக்கணக்கானோர் தாங்கள் எழுதியதை அதே கிடங்கில்தான் கொண்டுபோய் வைக்கிறார்கள். அதன் விதிகளை எழுதும் இடத்தில் அவர்களுக்கு நாற்காலி இல்லை.